நெய்யை விட்டும் இறங்காத டிரைகிளிசரைடு
வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்கலாம் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மும்பையிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் வந்தவை. ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறுவதற்குக் காரணம் எண்ணெயும் நெய்யுமா, சோறும் மாவுமா என்ற ஒரே சந்தேகத்தை எல்லாக் கடிதங்களும் ஏறக்குறையச் சுற்றி வருவதால், இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 240 என்று வந்தது. அன்றிலிருந்து நெய், வெண்ணெய், அப்பளம், வறுவல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கூட்டில் தேங்காய்கூட அரைத்து விடுவதில்லை. ரசம் சாதமும் மோர் சாதமுமாகத்தான் அவருடைய சாப்பாடு போகிறது. போன வாரம் மறுபடியும் எடுத்ததில் டிரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 112, மொத்தக் கொலஸ்டிரால் 198, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. மொத்தம் 200-க்குள் இருப்பதால் பயமில்லை என்று ஆய்வகத்தில் இருந்தவர் சொன்னார். ‘நெய்யையும் விட்டாயிற்று, இனி எதை விடுவது’ என்று இவர் என்னிடம் கோபித்துக்கொள்கிறார். மதுவோ புகையோ கிடையாது.
— ஒரு வாசகி, செம்பூர்

பதில்: உங்கள் கணவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் விட்டது ஒன்று, அவருடைய ரத்தத்தில் ஏறியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறொன்று.

டிரைகிளிசரைடு என்பது கொழுப்புதான் என்றாலும், அது வாய்வழியாகப் போன கொழுப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில், முந்தின நாள் உண்ட நெய்யோ எண்ணெயோ அநேகமாகக் கரைந்து போயிருக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தில் மிதப்பது கல்லீரல் உருவாக்கி வெளியே அனுப்பிய சரக்கு. அதற்கான மூலப்பொருளில் ஒரு பங்கு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து கரைந்து வருகிறது; இன்னொரு பங்கைத் தேவைக்கு மேல் வந்து சேர்ந்த மாவுச்சத்திலிருந்து கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது.

சோறு செரித்ததும் குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பகுதியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். உட்கார்ந்தே வேலை பார்த்து, ஐம்பது வயதைக் கடந்து, இடுப்பும் சற்றுப் பெருத்துவிட்ட ஒருவருடைய தசைகள் இன்சுலின் சொல்வதை உடனே கேட்பதில்லை. ஆகவே கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து அந்தச் சர்க்கரையை ஒருவழியாகக் கட்டுக்குள் வைக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் இன்சுலினைத் தசை பொருட்படுத்தாவிட்டாலும், கொழுப்பைத் தயாரிக்கும் விஷயத்தில் மட்டும் கல்லீரல் அப்படியே கீழ்ப்படிகிறது. தசை வாங்க மறுத்த குளுக்கோஸ் அங்கே கொழுப்பாகி, ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்க, மீதி டிரைகிளிசரைடாக ரத்தத்துக்கு வருகிறது. டிரைகிளிசரைடு மிகும்போது நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். குறைவதும், கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்வதும் அதே தொடரின் அடுத்த கண்ணிகள்.

இப்போது உங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்ததைப் பாருங்கள். நெய்யும் தேங்காயும் கூட்டும் பசியைச் சற்று நேரம் தாங்கும். அவை போனபின் ரசம் சாதம் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. ஆகவே இன்னும் இரண்டு கரண்டி சாதம் விழுந்திருக்கும், நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்திருக்கும். கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை மாவுச்சத்தால் நிரப்பினால் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும் என்பது உணவு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. உணவிலிருந்து எதை எடுத்தோம் என்று கேட்கும் நாம், அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று கேட்பதில்லை. நான் பார்க்கும் அறிக்கைகளில் இந்தத் தவறுதான் மிக அதிகம். அதற்குப் பல சமயம் ‘எண்ணெயைக் குறையுங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர்களாகிய நாங்களும் பொறுப்பு.

ஆய்வகத்தில் இருந்தவர் சொன்ன ஆறுதலையும் நான் ஏற்க மாட்டேன். மொத்தக் கொலஸ்டிரால் 198 என்பதிலிருந்து நன்மை செய்யும் எச்.டி.எல். 34-ஐக் கழித்தால் 164 மிஞ்சுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கூட்டுத்தொகை அதுதான். பொதுவாக அது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். எச்.டி.எல். குறைவாக இருந்ததால்தான் அவருடைய மொத்தம் 200-க்குள் அடங்கி நல்லதுபோலத் தோன்றியிருக்கிறது.

1988-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டு ரீவன் என்ற மருத்துவர், இன்சுலினுக்குத் தசைகள் அடங்காமல் போவதும், டிரைகிளிசரைடு ஏறுவதும், எச்.டி.எல். குறைவதும், ரத்த அழுத்தம் உயர்வதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று விளக்கினார். இன்று அதைக் கண்டறிய ஐந்து அளவுகளைப் பார்க்கிறோம். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் எட்டுவது, டிரைகிளிசரைடு 150-ஐத் தொடுவது, எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போவது, ரத்த அழுத்தம் 130-க்கு 85-ஐ எட்டுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐ எட்டுவது ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். உங்கள் கணவருக்கு மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. மற்ற இரண்டையும் இந்த வாரமே அளந்துவிடுங்கள். தையல்காரர் நாடா ஒன்றும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உள்ள ஒரு மருந்துக்கடையும் போதும்.

அடுத்து, செய்ய வேண்டியது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் போதும். அதுவும் சமைக்காத எடையில். பருப்பு, பயறு, அல்லது முட்டை, மீன், இறைச்சி வகை 85 கிராம். காய்கறி 400 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. நிலக்கடலை, பாதாம் போன்றவை 35 கிராம். எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். இந்தப் பட்டியலை உங்கள் அடுக்களையில் வைத்துப் பார்த்தால் உறுத்துவது எண்ணெயாக இருக்காது, பருப்பாகத்தான் இருக்கும். நாலு பேருக்கு வைக்கும் ரசத்தில் போடுகிற துவரம்பருப்பைத் தலைக்குப் பங்கிட்டால் ஒரு கைப்பிடிகூட வராது. சாம்பார் வைத்த நாளிலும் கிண்ணத்தில் விழுவது பெரும்பாலும் புளித்தண்ணீர்தான்.

ஆகவே சாதத்தை அளந்து வையுங்கள். இப்போது போடுவதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேகவைத்த பயறோ கெட்டியான பருப்புக் கூட்டோ வரட்டும். இதற்கு மும்பை வசதியான ஊர். முளைகட்டிய மட்கி, அதாவது நம் நரிப்பயறு, இங்கே எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும். மராட்டியர்கள் அதை உசல் செய்து தினமும் சாப்பிடுகிறார்கள், நாம் சுண்டல் என்று பெயர் வைத்து நவராத்திரிக்கு ஒதுக்கிவிட்டோம். தேங்காய்த் துருவல் சிறிது திரும்பவும் வரலாம். ஒரு தேக்கரண்டி நெய்யும் வரலாம். அதில் ஏறக்குறைய 45 கலோரியும் எல்.டி.எல்.-ஐ ஏற்றக்கூடிய நிறைவுற்ற கொழுப்பு மூன்று கிராமும் இருக்கின்றன, அந்த அளவால் ஒன்றும் கெட்டுவிடாது. அப்பளத்தையும் வறுவலையும் அவர் விட்டது நல்லதுதான்; அவற்றைத் திரும்ப அழைக்க வேண்டாம்.

அரிசி வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவு உண்டபின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் குறிக்கும் கிளைசிமிக் குறியீட்டில் 70-ம் அதற்கு மேலும் இருந்தால் ‘அதிகம்’ என்று கணக்கு. சென்னை ஆய்வாளர்கள் அளந்து 2011-இல் வெளியிட்ட விவரப்படி பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72, மும்பை வீடுகளில் பரவலாக வாங்கும் சூரத்தி கோலம் அரிசிக்கு 77. மூன்றுமே மேல்தட்டில்தான் இருக்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது, அளவுதான் முக்கியம்.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். நடக்கும் தசை, இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தைராய்டு சுரப்புக் குறைவும் சில மருந்துகளும் டிரைகிளிசரைடை ஏற்றும் என்பதால் அவற்றையும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுக்குக் கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால், எண்ணெய், நெய் உட்பட எல்லாக் கொழுப்பையும் கடுமையாகக் குறைத்தே ஆக வேண்டும். உடனே மருத்துவரைப் பார்க்கவும் வேண்டும்.

கேள்வி: சர்க்கரை வரும் அறிகுறி இருக்கிறது என்று சொன்னதால் ஒரு வருடமாக இரவில் சாதத்தை நிறுத்திவிட்டு நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பாஜியும் சாப்பிடுகிறேன். மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (எச்.பி.ஏ.1.சி.) 6.2-இலிருந்து அசையவே இல்லை. கோதுமையும் கூடாதா?
— ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: கோதுமை கூடும், நாலுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் நாலுக்கு 120 கிராம் மாவு, அதில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் அரிசியை வடித்தாலும் அதே கணக்குத்தான் வருகிறது. அதன் மேல் உருளைக்கிழங்கு. பெயர் மாறியிருக்கிறது, வரவு அப்படியே இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வில், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டார்கள். நீங்கள் அந்த 13.6 கோடியில் ஒருவர். அதே ஆய்வின் உணவு விவரங்கள் 2025-இல் வெளிவந்தன. இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதில் ஒரு செய்தி. அதைவிட உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியதால் மட்டும் நீரிழிவின் ஆபத்துக் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் ஆபத்துக் குறைவதோடு தொடர்பு காணப்பட்டது.

வடநாட்டார் சப்பாத்தி சாப்பிட்டுத் திடமாக இருக்கிறார்கள், நாம்தான் சோறு தின்று சர்க்கரை வாங்கிக்கொள்கிறோம் என்ற எண்ணம் மும்பைத் தமிழர்களிடம் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. இயந்திரத்தில் மாவாக நைய அரைபட்டு வந்த கோதுமை, செரிக்கும் வேகத்தில் அரிசியிலிருந்து நீங்கள் நினைக்கும் அளவுக்கு விலகி நிற்பதில்லை.

இரண்டு சப்பாத்தி போதும். உருளைக்கிழங்கின் இடத்தில் வெந்தயக்கீரை, காராமணி, பன்னீர் என ஏதாவது வரட்டும். முதலில் காயையும் பருப்பையும் உண்டு சப்பாத்தியைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், உண்டபின் ஏறும் சர்க்கரை குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத முறை, முயன்று பார்க்கலாம். அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற தடுப்பு ஆய்வில், உடல் எடையில் ஏழு விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குறைவு 28.5 விழுக்காடுதான். நம் உடலுக்கு இந்தப் பாதை சற்று மேடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிறோம். அவியல், எரிசேரி, வறுத்த உப்பேரி எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான். அது இதயத்துக்கு விஷம் என்று சிலரும், தாய்ப்பாலில் உள்ள அதே அமிலம் அதில் இருப்பதால் அமிர்தம் என்று சிலரும் சொல்கிறார்கள். என் பாட்டி தொண்ணூறு வயது வரை இருந்தாள். எனக்கு வயது 71, எல்.டி.எல். 148.
— ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை, ஆனால் 148 என்ற உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு நான் நடுநிலை பேசப் போவதில்லை.

மேலே செம்பூர் வாசகிக்கு நெய் விஷயத்தில் கொஞ்சம் தளர்ச்சி காட்டியதைப் படித்துவிட்டு, கொழுப்பெல்லாம் குற்றமற்றது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. மாவுச்சத்து மிகுந்தால் டிரைகிளிசரைடு ஏறும். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் எல்.டி.எல். ஏறும். இரண்டும் இரண்டு வேறு வழிகள். ரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வாங்கிகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகும்போது அந்த வாங்கிகளின் எண்ணிக்கை குறைகிறது; பிடிபடாத துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் டிரைகிளிசரைடு நன்றாக இருந்தாலும் எல்.டி.எல். தனியாக ஏறி நிற்க முடியும் என்பதற்கு இதுதான் காரணம்.

தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் ஆறு பங்கு. பாமாயிலில் ஏறக்குறைய சரிபாதி. நிலக்கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இரண்டு பங்குக்கு உட்பட்டு. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய 10 மில்லிகிராம் உயர்த்துவது தெரிந்தது. எச்.டி.எல்.-உம் நான்கு போல உயர்ந்தது. ஆதரவாளர்கள் அந்த நான்கை மட்டும் பெரிதாகப் பேசுவார்கள்.

தாய்ப்பால் வாதத்தின் மையம் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் பாதியளவு அதுதான். வேதியியல் புத்தகத்தில் அது நடுத்தரச் சங்கிலி அமிலங்களோடு சேர்த்து எண்ணப்படுவதால், நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். உடலுக்குள் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவேதான் உறிஞ்சப்படுகிறது. பிறந்த குழந்தைக்கு ஏற்றது 71 வயதுக்காரருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் எண்ணெய் விஷயத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பாட்டியைப் பற்றி: உங்கள் பாட்டியின் கை கல்லுரலில் அரைத்தது, தண்ணீர் சேந்தியது. எண்ணெயும் அன்று அளந்துதான் வந்திருக்கும். உப்பேரி ஓணத்துக்கும் விஷுவுக்கும் வறுப்பதாக இருந்தது. இன்று உங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிடம் நடந்தால் ஆண்டு முழுவதும் பொட்டலத்தில் கிடைக்கிறது.

அவியலை நல்லெண்ணெயில் செய்யுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. இறக்கும்போது ஊற்றும் அந்த ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் அப்படியே இருக்கட்டும். தினசரித் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் நிலக்கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாறி மாறி வரட்டும். உப்பேரி பண்டிகைக்குத் திரும்பட்டும். 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மேல்வரம்பு. ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும். மூன்று மாதத்துக்குப் பிறகும் எல்.டி.எல். இறங்கவில்லை என்றால், மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரையைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 38, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 56 கிலோ. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கிறது. முகாமில் பார்த்ததில் மூன்று மாத சர்க்கரை 6.1 என்றார்கள். குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்? காலையில் வடா பாவ், நாள் முழுவதும் அரைக் கிளாஸ் அளவில் ஏழெட்டு கட்டிங் டீ, இரவு வயிறு நிறையச் சாதம்.
— ஒரு வாசகர், தாராவி

பதில்: உங்கள் உயரத்துக்கு 56 கிலோ என்பது தராசின் கணக்கில் சரியான எடைதான். ஆனால் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்லாது. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் ஒன்று வெளியானது. ஒருவர் பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பின் பங்கு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, பூனாக்காரருக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியான உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்த இந்திய உடல்வாகு, கருவிலேயே தொடங்குவது என்பது யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது.

கையும் காலும் மெலிந்திருப்பது உங்களுக்கு அனுகூலம் இல்லை; அங்கேதான் சர்க்கரையை வாங்கி வைக்கும் தசை இருந்திருக்க வேண்டும். கிடங்கு சிறியது, வரும் மூட்டை பெரியது. வடா பாவில் மைதாவும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் ஒன்றாக வருகின்றன. மாவும் கொழுப்பும் இப்படிக் கைகோத்து வரும்போதுதான் இரண்டின் கெடுதலும் சேர்ந்து வருகிறது. எட்டு கட்டிங் டீயில் தலைக்கு ஒரு தேக்கரண்டி என்றாலும் நாளைக்கு 40 கிராம் சர்க்கரை. அதை மூன்று டீயாகக் குறைப்பதுதான் முதல் வேலை; அரிசியைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் அவித்த கடலையோ சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். முட்டை மஞ்சளைக் கண்டு பயப்பட வேண்டாம். ரத்தக் கொலஸ்டிராலை ஏற்றுவதில் அதைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். தாராவியில் காயவைத்த நெத்திலியும் கிடைக்கும். உப்பை நன்றாகக் கழுவிக் குழம்பு வைக்கலாம். எடையைக் குறைக்க முயலாதீர்கள். தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல், படியேறுதல் என்று தசையை வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யுங்கள். தைக்கும் இடத்தை விட்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தாலும் பலன் உண்டு. 6.1 என்பது இன்னும் நீரிழிவு இல்லை; 6.5-இல்தான் அந்தப் பெயர் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் கீட்டோ உணவில் அலுவலக நண்பர்கள் எடை குறைத்திருக்கிறார்கள். எனக்கு நீரிழிவுக்கு கிளிமெபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை தொடங்கலாம் என்று இருக்கிறேன்.
— ஒரு வாசகர், வாஷி

பதில்: திங்கட்கிழமை தொடங்காதீர்கள். கிளிமெபிரைடு, சோறு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் அதைவிடச் சிக்கலானது. அந்த மருந்தோடு கீட்டோ உணவும் சேர்ந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகிவிடும் நிலை வரலாம். அப்போதுகூடச் சர்க்கரை அளவு ஏறக்குறையச் சாதாரணமாகக் காட்டும் என்பதால் உங்களுக்கும் தெரியாது, சில சமயம் அவசரப் பிரிவில் பார்ப்பவருக்கும் உடனே தெரியாது. மருந்தை மாற்றி எழுதித் தராமல் எந்த மருத்துவரும் உங்களை அந்த உணவுக்கு அனுமதிக்கக் கூடாது.

எடைதான் நோக்கம் என்றால், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். அந்த இடைவெளியைப் பொருட்படுத்தத் தக்கதாக ஆய்வாளர்கள் கருதவில்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்பது. மாவுச்சத்தை மிதமாகக் குறைப்பது உங்களுக்கு நல்லதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாக.

கேள்வி: ஏகாதசிக்குச் சாதம் சாப்பிடாமல் பக்கத்து வீட்டு மாமி சொல்லிக் கொடுத்த சாபுதானா கிச்சடி செய்கிறேன். இது லேசான உணவுதானே? வெல்லம் சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்பது உண்மையா?
— ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: ஜவ்வரிசி நம் சேலத்திலிருந்து இங்கே வருவது, மரவள்ளிக்கிழங்கின் மாவை மட்டும் பிரித்து உருட்டியது. அதில் நாரும் இல்லை, புரதமும் இல்லை என்றே சொல்லலாம். கிச்சடியில் போடும் நிலக்கடலைப் பொடி ஒன்றுதான் அதைக் காப்பாற்றுகிறது. விரதம் என்ற பெயரில் சாதத்தைவிட வேகமாகச் சர்க்கரை ஏற்றும் ஒன்றை உண்கிறோம். தயிரும் பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் அந்த ஒரு நாளுக்குப் போதாதா? வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நிறத்தைப் பார்த்து உங்கள் கணையம் ஏமாறாது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு முன் என் மாமனார் ஒரு வாரம் கஞ்சியும் காயுமாகப் பத்தியம் இருக்கிறார். எண்கள் நன்றாக வருகின்றன, மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறார். எப்படி எடுத்தால் உண்மை தெரியும்?
— ஒரு வாசகி, சயான்

பதில்: உங்கள் மாமனார் தனியாள் இல்லை, என்னிடம் வருபவர்களில் பலர் பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படிப்பதுபோல ரத்தப் பரிசோதனைக்குத் தயாராகிறார்கள். டிரைகிளிசரைடு சில நாள் உணவிலேயே ஏறி இறங்கும் என்பதால் அந்தத் தந்திரம் அங்கே பலிக்கும். எச்.பி.ஏ.1.சி. என்னும் மூன்று மாத சர்க்கரை அளவில் பலிக்காது. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரை ஒரு வாரப் பத்தியத்தால் உதிர்ந்துவிடுவதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் வந்தால் மருத்துவருக்கே விஷயம் புரிந்துவிடும், நீங்கள் கோள் சொன்ன பழி உங்களுக்கு வேண்டாம். வழக்கமாக உண்ணும் ஒரு சாதாரண வாரத்தில், இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகட்டும். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாளாக இருந்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். பழைய அறிக்கைகளையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.